கட்டைவிரலின் வேலை

முப்பத்தாறு முடிந்தும் மோட்டார் நிற்கவில்லை. முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. ஒரு ரோலில் ஒன்றிரண்டு படம் கூடுதலாகக் கிடைப்பது உண்டு என்பதால் முதலில் சந்தோஷப்பட்டேன். நாற்பதைத் தாண்டியதும் வயிற்றைக் கலக்கியது. அது நண்பர் மகள் ஓடிய ஓட்டப்பந்தயம். அவள் இரண்டாவதாக வந்தாள். நான் ஒரு படம்கூட எடுத்திருக்கவில்லை.

தவறு என்னுடையதுதான். பிலிமின் நுனியை ஸ்பூலின் பிளவுக்குள் சரியாகச் செருகாமல் கேமராவின் முதுகை மூடிவிட்டேன். மோட்டார் சுழன்றது, ஷட்டர் திறந்து மூடியது, எண் ஏறியது. பிலிம் மட்டும் டப்பாவுக்குள் சுகமாக இருந்தது. கையால் லீவரை இழுத்துச் சுற்றியிருந்தால் மூன்றாவது படத்திலேயே தெரிந்திருக்கும். பிலிமை இழுக்கும்போது விரலுக்கு ஒரு மெல்லிய எதிர்ப்பு கிடைக்கும். வெறும் லீவர் அப்படி இருக்காது, வழுக்கிக்கொண்டு போகும். இருபது வருடங்களாகக் கட்டைவிரல் இந்த எதிர்ப்பைச் சத்தமில்லாமல் பரிசோதித்து வந்திருக்கிறது என்பதே, அதற்கு ஓய்வு கொடுத்த அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அந்த விரலுக்கு என்னவெல்லாம் தெரியும், அதில் எவ்வளவை மோட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தது? பிலிமைத் தானே சுற்றும் மோட்டார் டிரைவின் கதை என்பது என்னைப் பொறுத்தவரை இந்தக் கேள்விதான்.

35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு படத்தின் அளவு 36க்கு 24 மில்லிமீட்டர். அடுத்த படத்துடன் ஒட்டாமலிருக்க நடுவில் 2 மில்லிமீட்டர் இடைவெளி. ஆக ஒவ்வொரு கிளிக்குக்கும் பிலிம் 38 மில்லிமீட்டர் நகர வேண்டும். பிலிமின் இரு ஓரங்களிலும் உள்ள துளைகள் 4.75 மில்லிமீட்டருக்கு ஒன்றாக இருக்கின்றன. எட்டுத் துளை நகர்ந்தால் கணக்குச் சரி. பெரும்பாலான கேமராக்களில் இதற்காகவே எட்டுப் பல் கொண்ட ஒரு சிறு சக்கரம் இருக்கும். ஒரு முழுச் சுற்று, ஒரு படம்.

பிலிமைச் சுருட்டிக்கொள்ளும் ஸ்பூலின் கதை வேறு. காலியாக இருக்கும்போது அதன் விட்டம் 14 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 38 மில்லிமீட்டரைச் சுருட்ட முக்கால் சுற்றுக்குச் சற்று மேலே போதும். 36 படங்களும் ஏறியபின் சுருள் தடித்து 22 மில்லிமீட்டரை எட்டும். அப்போது அரைச் சுற்றுக்குச் சற்று மேலே போதும். அதனால் ஸ்பூலை அளவுகோலாக வைக்க முடியாது. பல்சக்கரம் அளக்கும், ஸ்பூல் ஓர் உராய்வுப் பிடியில், தேவைக்கு மேல் சுழலாமல் வழுக்கிக்கொடுக்கும். ஜவுளிக்கடையில் ஒருவர் மீட்டர்கோலால் துணியை அளந்து தள்ள, இன்னொருவர் சுருட்டிக்கொண்டே போவதைப் போல.

இதே லீவர் அசைவில் ஷட்டரின் வில்லும் ஏறுகிறது, லென்ஸின் காட்சியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும் கண்ணாடியைத் தூக்கும் வில்லும் தயாராகிறது, எண் ஒன்று கூடுகிறது. இத்தனையும் நடந்து முடிந்ததும் லீவர் முட்டி நிற்கும். ரோல் தீர்ந்துவிட்டால் பாதியிலேயே நின்றுவிடும். அந்த இரண்டு நிற்றலுக்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரியும். முட்டாள் விரல் மட்டுமே இரண்டாவதை மீறி இழுத்து, துளைகளைக் கிழித்து, பிலிமை டப்பாவின் அச்சிலிருந்து பிய்த்தெடுக்கும். அதையும் ஒருமுறை செய்திருக்கிறேன். அது தனிக் கதை.

விரலுக்கு மாற்று தேடும் முயற்சி மின்மோட்டாருக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1882ல் பிரெஞ்சு உடலியலாளர் எத்தியேன் ஜூல் மாரே துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். கடிகாரப் பொறி ஒரு வட்டத் தட்டைத் திருப்ப, நொடிக்கு 12 படங்கள் பதிந்தன. பறவை பறக்கும்போது சிறகு எப்படி மடங்குகிறது என்று பார்ப்பதே அவருக்கு வேண்டியிருந்தது. 1934ல் ஜெர்மனியில் வந்த ரோபோட் கேமரா அதே கடிகார வில்லை 35 மில்லிமீட்டர் பிலிமுக்குக் கொண்டுவந்தது. மேலேயுள்ள குமிழை முறுக்கிவிட்டால் இருபதுக்கும் மேற்பட்ட படங்களை வரிசையாகத் தட்டலாம். அதன் படச் சட்டம் 24க்கு 24 மில்லிமீட்டர் சதுரம். சட்டம் சிறிதென்றால் பிலிம் நகரவேண்டிய தூரமும் குறைவு; வில்லின் சக்தி அதிகப் படங்களுக்குத் தாங்கும். அதை வடிவமைத்த ஹைன்ஸ் கில்ஃபிட் போட்ட கெட்டிக்காரக் கணக்கு அது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படை அதைப் பயன்படுத்தியது. போருக்குப் பின் சாலையோரத்தில் அதிவேக வண்டிகளைப் படம்பிடிக்கவும் அதே குடும்பத்துக் கேமராக்கள் போயின.

மின்மோட்டார் தொழிலுக்கு வந்தது 1959ல் வெளியான நிக்கான் எஃப் கேமராவோடுதான் என்று சொல்லலாம். அதற்கான மோட்டார் எஃப்36. இன்று ஏதோ ஓர் உதிரிப்பாகத்தை வாங்கி மாட்டுவது போல அதை மாட்டிவிட முடியாது. கேமராவின் அடித்தட்டை மாற்ற வேண்டும். குறிப்பிட்ட மோட்டாரைக் குறிப்பிட்ட கேமராவுக்கென்று தொழில்நுட்பர் ஒருவர் சரிபார்த்துப் பொருத்த வேண்டும். ஜாதகம் பார்த்துக் கல்யாணம் செய்வது மாதிரி. ஜோடி மாறினால் வம்பு.

ஏன் இவ்வளவு பிகு? அந்த மோட்டாருக்கு விரலின் பொறுமை கிடையாது. ஷட்டர் முழுக்க மூடியபின்தான் பிலிமை இழுக்கத் தொடங்க வேண்டும். ஷட்டரின் வில் முழுக்க ஏறிய கணத்தில் நிறுத்திவிட வேண்டும். முதலாவது தவறினால் படம் கோடாக இழுபடும். இரண்டாவது தவறினால் பல்சக்கரங்கள் நெரியும். எஃப்36ல் வேகத்துக்கென ஒரு வட்டத் திருகு இருந்தது: நொடிக்கு 2 முதல் 4 படம் வரை. கண்ணாடியை மேலேயே பூட்டி வைத்தால்தான் அந்த 4. எந்த வேகத்தோடு எந்த ஷட்டர் நேரம் பொருந்தும் என்று போட்டோகிராபரே பார்த்து வைக்க வேண்டும். பின்னால் வந்த நிக்கான் எஃப்2க்கு இந்த ஜாதகப் பொருத்தம் தேவைப்படவில்லை. எந்த மோட்டாரும் எந்த உடம்புக்கும் சேர்ந்தது.

நிறுத்துவதுதான் கஷ்டம். மோட்டார் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுழலும் சாதனம். மின்சாரத்தைத் துண்டித்தாலும் தன் வேகத்தில் கொஞ்சநேரம் ஓடிக்கொண்டேயிருக்கும். அதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய கையோடு மோட்டாரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், சுழலும் மோட்டார் தானே ஜெனரேட்டராகி, தான் உண்டாக்கும் மின்சாரத்தாலேயே தன்னைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். கூடவே ஒரு வழுக்குப் பிடி. பிலிம் தீர்ந்து இழுவிசை ஓர் எல்லையைத் தாண்டினால், பல்சக்கர வரிசை முழுவதும் முறுக்கிக்கொள்ளாமல் அந்தப் பிடி மட்டும் நழுவும். அதையும் முழுதாக நம்பாமல், சில மோட்டார்களில் பின்னோக்கி எண்ணும் எண்காட்டியையும் வைத்தார்கள். 36ல் தொடங்கிப் பூஜ்யம் வந்ததும் மின்சாரம் நிற்கும். விரல் ஒரே தொடுகையில் அறிந்ததை மோட்டாருக்குப் புரியவைக்க இத்தனை காவல்காரர்கள்.

கடைகளில் வைண்டர், மோட்டார் டிரைவ் என்ற இரண்டு பெயர்களும் புழங்கின. வேலை ஒன்றுதான், வேகம் வேறு. வைண்டர் நொடிக்கு ஏறத்தாழ 2 படம் தரும் எளிய மோட்டார். டிரைவ் நாலைந்தைத் தொடும். எடையிலும் விலையிலும் அதைச் சொல்லிக் காட்டும். 1976ல் கேனான் ஏஇ-1 வந்தபோது கூடவே பவர் வைண்டர் ஏ என்ற சின்னப் பெட்டியும் வந்தது. நான்கு பென்டார்ச் செல், நொடிக்கு 2 படம். கேமராவின் அடியில் இருக்கும் வட்ட மூடியை ஒரு காசால் திருகிக் கழற்றிவிட்டுப் பெட்டியை மாட்டினால் முடிந்தது. பத்திரிகைக்காரர்களின் ஆயுதம் குடும்பஸ்தர்கள் கைக்கு வந்தது அப்படித்தான். இன்று பழைய கேமரா வாங்குபவர்கள் அந்த வட்ட மூடி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பாதிக்குப் பாதி இருக்காது. கழற்றிச் சட்டைப்பையில் போட்டவர்கள் சட்டையைத் துவைத்துவிட்டார்கள்.

செல்லைப் பற்றி ஒரு விந்தை. சாதாரண அல்கலைன் செல் ஒன்றின் மின்னழுத்தம் 1.5 வோல்ட். அந்தக் காலத்து நிக்கல்-காட்மியம் செல் 1.2 வோல்ட் மட்டுமே. ஆனால் மோட்டார் வேகமாக ஓடியது நிக்கல்-காட்மியத்தில்தான். செல்லுக்கு உள்ளேயே ஒரு மின்தடை உண்டு. மோட்டார் கிளம்பும்போது திடீரென்று நிறைய மின்சாரம் கேட்கும். அல்கலைன் செல்லின் உள்தடை அதில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால், மோட்டாரின் முனைக்கு வந்து சேரும் வோல்ட் சரிந்துவிடும். நிக்கல்-காட்மியத்தின் உள்தடை மிகக் குறைவு. பெரிய தொட்டியும் ஒல்லிக் குழாயும் ஒரு பக்கம், சின்னத் தொட்டியும் அகலக் குழாயும் மறுபக்கம். குளிர் வந்தால் அல்கலைனுக்குள் ரசாயன வினைகள் மந்தமாகி, குழாய் இன்னும் ஒல்லியாகும். பனிமலைக்குப் போனவர்கள் பேட்டரிப் பெட்டியைத் தனியே கழற்றிக் கோட்டுக்குள் வைத்து, ஒரு வயரால் கேமராவோடு இணைத்து வேலை செய்தது அதனால்தான்.

வேகத்துக்கு வருவோம். நொடிக்கு 5 படம் என்றால் ஒரு படத்துக்கு ஆயிரத்தில் 200 பங்கு நொடி. அதற்குள் கண்ணாடி மேலே போக வேண்டும், ஷட்டர் திறந்து மூட வேண்டும், கண்ணாடி கீழே வர வேண்டும், பிலிம் நகர வேண்டும், நகர்ந்தபின் அதிராமல் நிற்க வேண்டும். பிலிம் நகர 60 பங்கு கிடைக்கிறது என்று வையுங்கள். முதல் பாதியில் வேகமெடுத்து மறுபாதியில் நின்றாக வேண்டும். கணக்குப் போட்டால், பிலிம் புவியீர்ப்பின் நான்கு மடங்குக்கும் மேலான முடுக்கத்துக்கு ஆளாகிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முறை இந்த உலுக்கல். மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின் ஓரத் துளைகள்தான் அதைத் தாங்குகின்றன.

இதற்கும் மேலே போக வேண்டுமென்றால் எதையாவது கைவிட்டாக வேண்டும். கேனான் கைவிட்டது கண்ணாடியின் அசைவை. 1972ல் எஃப்-1 கேமராவின் அதிவேக வடிவம் ஒன்றைச் செய்தார்கள். அதில் கண்ணாடி மேலே போகவே போகாது. மிக மெல்லிய, ஒளியில் ஒரு பகுதியை மட்டும் விடும் படலம் ஒன்று நிலையாக நிற்கும். அதன் வழியாக ஒரு பங்கு ஒளி பிலிமுக்கும், மிச்சம் போட்டோகிராபர் கண்ணுக்கும் போகும். நொடிக்கு 9 படம். 1984ன் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸை ஒட்டி வந்த அடுத்த வடிவம் 14ஐ எட்டியது. பிரமிப்புதான். ஆனால் 36 படச் சுருள் இரண்டரை நொடியில் காலி. நூறு மீட்டர் ஓட்டத்தில் ஏறத்தாழ கால்வாசி நேரத்துக்குத்தான் வரும்.

இந்த இடத்தில் மோட்டாரைப் பற்றிய பெரிய நம்பிக்கை ஒன்றை உடைக்க வேண்டும். ‘மோட்டார் இருந்தால் எதுவும் தப்பாது’ என்பார்கள். நொடிக்கு 5 படம், ஒவ்வொன்றும் ஐந்நூறில் ஒரு நொடி. கூட்டினால் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு மட்டுமே பிலிமில் விழுகிறது. தொண்ணூற்றொன்பது பங்கு தப்பிவிடுகிறது. மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் பந்து, இரண்டு படங்களுக்கு நடுவில் ஏறத்தாழ 7.8 மீட்டர் ஓடிவிடும். கிரிக்கெட் பிட்ச்சின் நீளம் 20.12 மீட்டர். பந்து வீசுபவர் கையை விட்டு மட்டைக்கு வருவதற்குள் இரண்டு மூன்று படம் விழும். பந்து மட்டையில் படும் அந்தக் கணம் அவற்றில் ஒன்றாக இருந்தால் அது அதிர்ஷ்டம், அவ்வளவே. நல்ல விளையாட்டுப் போட்டோகிராபர்கள் மோட்டாரை மாட்டிக்கொண்டும் முதல் கிளிக்கைத் தாங்களே கணித்துத்தான் தட்டினார்கள். அடுத்து வருவதெல்லாம் அந்தக் கணத்தின் வால். மட்டையாளரின் முகம், கீப்பரின் பாய்ச்சல், ஸ்டம்பின் பறப்பு.

அப்படியானால் அந்தக் கனமான பெட்டியை எதற்குத் தூக்கிச் சுமந்தார்கள்? வேகத்துக்காக மட்டும் இல்லை. லீவரை இழுக்கும்போது கேமரா முகத்திலிருந்து சற்று விலகும், சட்டம் கோணும், வலது கண்ணருகே கட்டைவிரல் வந்து குத்தும். இடது கண்ணால் பார்ப்பவர்களைக் கேட்டால் மூக்கின் கதியையும் சொல்வார்கள். மோட்டார் வந்ததும் கண் வியூஃபைண்டரிலேயே தங்கியது. எதிரில் இருப்பவரின் முகம் மாறிக்கொண்டிருக்கும்போது அதை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஃபேஷன் படமெடுத்தவர்களுக்கு நொடிக்கு 2 படமே தாராளம். வேண்டியிருந்தது இடைவிடாத பார்வை. மாடலுக்கும் அந்த ஓசை ஒரு தாளமாக இருந்தது. ஒவ்வொரு ‘க்ளக்-ஸ்ஸ்ர்’ கேட்டதும் தோரணையை மாற்றுவார்கள். 1981ல் டுரான் டுரான் குழுவின் ‘கேர்ள்ஸ் ஆன் ஃபிலிம்’ பாட்டு இந்த ஓசையோடுதான் தொடங்குகிறது.

இரண்டாவது லாபம், விரலே போக முடியாத இடங்கள். பறவைக் கூட்டுக்கு எதிரே மரத்தில் கட்டிவைத்த கேமரா, கோல் வலைக்குப் பின்னால் வைத்த கேமரா, ராக்கெட் ஏவுதளத்துக்குப் பக்கத்தில் வைத்த கேமரா. வயரோ ரேடியோவோ ஷட்டரைத் தட்டிவிடும். ஆனால் அடுத்த படத்துக்கு யார் லீவரை இழுப்பது?

அதிலும் உச்சம், விரல் இருந்தும் பயன்படாத இடம். 1969 ஜூலையில் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் இறங்கியபோது காற்றழுத்தத்தில் விறைத்த கையுறை போட்டிருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு நுணுக்கமாகத் திருகியோ இழுத்தோ பிலிம் சுற்ற முடியாது. அவர்கள் கொண்டுபோனது மோட்டார் வைத்த ஹாசல்பிளாட் 500இஎல், 70 மில்லிமீட்டர் பிலிமுடன். பொத்தானை அழுத்தினால் படம். மோட்டார் தானே அடுத்ததற்குத் தயாராகும். அந்தக் கேமராவில் பிலிமுக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகடு இருந்தது. நிலவுப் படங்களில் நாம் பார்க்கும் சின்னக் கூட்டல் குறிகள் அதில் பொறிக்கப்பட்டவைதான். அந்தத் தகட்டின் பிலிம் பக்கத்தில் மின்சாரம் கடத்தும் ஒரு மெல்லிய பூச்சைப் பூசியிருந்தார்கள்.

பூச்சு எதற்கு என்பதில் மோட்டாரின் இன்னொரு குறை ஒளிந்திருக்கிறது. பலூனைத் தலைமுடியில் தேய்த்தால் நடப்பதேதான் கேமராவுக்குள்ளும் நடக்கிறது. பிளாஸ்டிக் பட்டை வேகமாக உரசி நகரும்போது நிலைமின்சாரம் சேர்கிறது. காற்றில் ஈரம் இருந்தால் அது மெதுவாக வடிந்துவிடும். வறண்ட குளிரில் வடிய வழியில்லை. சேர்ந்து சேர்ந்து ஒரு கட்டத்தில் பொறியாகப் பாயும். பொறி என்றால் ஒளி. ஒளி பட்டால் பிலிம் பதிவு செய்துவிடும். கழுவிப் பார்த்தால் படத்தின் குறுக்கே கிளைவிட்ட மின்னல்கீற்றோ புள்ளிவரிசையோ இருக்கும். இழுக்கும் வேகம் கூடக்கூட ஆபத்தும் கூடும். துருவப் பகுதிக்குப் போகிறவர்களுக்குப் பழைய கையேடுகள் சொன்ன அறிவுரை: மோட்டாரை வீட்டில் வைத்துவிட்டுப் போ, மெதுவாகக் கையால் சுற்று. நிலவிலோ காற்றே இல்லை, ஈரத்துக்கு எங்கே போவது? சேரும் மின்சாரத்தை உலோக உடம்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் அந்தப் பூச்சு.

சினிமா பிலிம்காரர்களுக்கு இது பழைய தலைவலி. நொடிக்கு 24 படம் ஓடும் சுருளின் முதுகில் கோடாக் நெடுங்காலம் ஒரு கரிப் பூச்சைப் பூசி வந்தது. அதன் வேலைகளில் நிலைமின்சாரத்தை வடியவைப்பதும் ஒன்று. அந்தக் கரியை நீக்கிச் சாதாரணக் கேமராவுக்கென விற்கப்படும் சினிமா பிலிமை இப்போது இளைஞர்கள் விரும்பி வாங்குகிறார்கள். இரவு விளக்குகளைச் சுற்றிச் சிவப்பு வளையம் விழுவது அழகாக இருக்கிறதாம். கரி போனதோடு அது தந்த காவலும் போய்விட்டது என்பதை மோட்டார் கேமராவில் அதைப் போடும்போது நினைவில் வைப்பது நல்லது.

1980களில் மோட்டார் அடியில் தொங்கும் பெட்டியாக இல்லாமல் கேமராவின் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. 1985ல் மினோல்ட்டா 7000 வந்தபின் லீவர் என்ற உறுப்பே மெல்லக் காணாமல் போனது. அங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு யோசனை பிறந்தது. சில கேமராக்கள் பிலிமைப் போட்டதுமே முழு ரோலையும் ஸ்பூலுக்குச் சுருட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு படம் எடுத்ததும் அதை டப்பாவுக்குள் திருப்பி அனுப்பும். நடுவில் தெரியாமல் முதுகைத் திறந்துவிட்டால் பாழாவது எடுக்காத பிலிம் மட்டும். எடுத்த படங்கள் டப்பாவின் இருட்டில் பத்திரம். கையால் இழுக்கும் கேமராவில் இதை யாரும் செய்யத் துணிந்திருக்க மாட்டார்கள். முப்பத்தாறு தடவை லீவரை இழுத்துவிட்டுப் படம் எடுக்க ஆரம்பிக்க யாருக்குப் பொறுமை?

இன்னொரு மாற்றம் அவ்வளவு சுபமாக முடியவில்லை. பல்சக்கரத்தின் சத்தத்தையும் உராய்வையும் தவிர்க்க, துளைகளை அகச்சிவப்பு ஒளியால் எண்ணும் முறை கேனானின் பல இஓஎஸ் கேமராக்களில் வந்தது. நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. சாதாரண பிலிமுக்கும் தெரியாது. அகச்சிவப்புப் பிலிமைப் போட்டவர்களுக்குத்தான் அதிர்ச்சி. கேமரா தன் பிலிமை எண்ணும்போதே, எண்ணிய ஓரமெல்லாம் புகைமூட்டமாகிவிடும். தொட்டுப் பார்த்து எண்ணிய விரல் இப்படி ஒரு தடத்தை விட்டுப் போனதில்லை.

என் கேமராவின் மோட்டார் பெட்டியை நான் இன்னும் கழற்றிவிடவில்லை. கையில் அடக்கமாக இருக்கிறது, கண் விலகுவதில்லை, அந்தச் சத்தமும் பிடித்துப்போய்விட்டது. ஆனால் ரோல் போடும் முறை மாறிவிட்டது. நுனியைச் செருகி, முதுகு திறந்திருக்கும்போதே ஒரு கிளிக். இரு ஓரத் துளைகளிலும் பற்கள் ஏறிவிட்டனவா என்று பார்ப்பேன். முதுகை மூடி, இடப்பக்கத்து ரீவைண்ட் குமிழைத் தளர்வு போகும்வரை மெல்லத் திருகுவேன். மறுபடி ஒரு கிளிக். குமிழ் எதிர்ப்பக்கமாகச் சுழன்றால் பிலிம் ஓடுகிறது என்று அர்த்தம். அது சுழலும்போது கட்டைவிரலை அதன்மேல் லேசாக வைத்துக்கொள்கிறேன்.